ஊதியதோடு நிறுத்தியிருக்கலாம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே ஒரு வாடகை நூல் நிலையம் இருந்தது. நூல் நிலையம் என்பது போர்டில் இருந்த பெயர். ஊரில் புக்குக் கடை என்றுதான் சொல்வார்கள். மில்லின் புண்ணியத்தில் எல்லாப் புத்தகங்கள் மேலும் மிளகாய்த்தூள் படிந்திருக்கும். சோகக் கதையை எடுத்துப்போனால் முதல் பக்கத்திலேயே கண்ணீர் வந்துவிடும். எழுதியவருக்கு அதில் பங்கில்லை.

அந்தக் கடைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. படித்துத் திருப்பித் தருகிறவர்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தங்கள் தீர்ப்பை எழுதிவிடுவார்கள். 'சுமார்', 'பாதி வரை பரவாயில்லை', 'வேஸ்ட்', 'என் வாழ்க்கையை யார் சொன்னது இவருக்கு?' இப்படி. துப்பறியும் கதை என்றால் எவனாவது ஒரு சண்டாளன், 'கொலை செய்தது டாக்டர்' என்று எழுதிவைத்திருப்பான். கடைக்கார அண்ணன் முதலில், 'புத்தகத்தில் எழுதாதீர்' என்று சுவரில் ஓர் அட்டை மாட்டினார். அதன் கீழே யாரோ 'சரி' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவரே மனம் மாறி, ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டித் தரத் தொடங்கினார். எடுக்க வருகிறவர்கள் அட்டையைப் பார்க்க மாட்டார்கள், எழுதியவர் பெயரைப் பார்க்க மாட்டார்கள். நேராகப் பின்பக்கத்தைத் திருப்புவார்கள்.

அந்தத் தாள்களில் பச்சை மையில் எழுதுகிற ஒருவர் இருந்தார். அவர் எழுதிய பிறகு வேறு யாரும் அந்தப் புத்தகத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 'மழை வரும் பக்கங்கள் நன்று. மனிதர்கள் வரும் பக்கங்கள் அவ்வளவு இல்லை.' 'நாயகி எட்டு முறை மயங்கி விழுகிறாள். ரத்தம் பரிசோதித்துக்கொள்வது நல்லது.' 'முந்நூறு பக்கத்தில் ஒருவரும் ஒரு வேளை சாப்பிடவில்லை.' பச்சை மையில் எழுதுவது பெரிய ஆபீசர்களின் உரிமை என்பதால், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் யாரோ எழுதுகிறார் என்று ஊரில் பேச்சு. ஹெட்மாஸ்டர் நல்லாயிருக்கு என்று எழுதிய புத்தகத்துக்கு ஆள் காத்துக்கிடப்பார்கள்.

அந்த ஹெட்மாஸ்டர் என் அக்கா. பத்தாவது வரை படித்தவள். பச்சைப் பேனா எங்கள் ஆபீசரின் மேசையிலிருந்து என் சட்டைப்பைக்கு வழி தவறி வந்தது. புது மாவட்டம் பிறந்த புதிதில் ஆபீசில் எதுவும் ஓர் இடத்தில் இருக்காது. பேனாவும் அப்படித்தான் போயிற்று என்று ஆபீசர் நினைத்துக்கொண்டார். நானும் அவரோடு சேர்ந்து தேடினேன்.

இதில் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். வாரம் நான்கு புத்தகங்களை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு போகிறவனும் வருகிறவனும் நான்தான் என்பதால், கடைக்கார அண்ணன் பச்சை மைக்காரன் நானென்று நினைத்துவிட்டார். "தம்பி, ஒங்களுக்கு இருக்குற அறிவுக்கு நீங்க அந்த ஆபீஸ்ல குப்ப கொட்டறது அநியாயம்" என்றார். நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்து லேசாகச் சிரித்தேன். அடக்கமான மேதைகள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன்.

அக்காவை மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். முந்திரிக்காடு இருந்த குடும்பம். மாமாவுக்குக் குடி கிடையாது, அடி உதை கிடையாது, வேறு தொடர்பும் கிடையாது. பேச்சும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அக்காவிடம் பேசவில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். ஏன் இப்படி என்று அவருடைய அம்மாவுக்கும் தெரியவில்லை. நான்கு வருடம் போன பிறகு அந்த அம்மாவே ஆளனுப்பினார்: "பொண்ணக் கூட்டிட்டுப் போயிடுங்க. எங்களால பாக்க முடியல."

தொண்ணூற்றாறில் நான்தான் போய் அழைத்துவந்தேன். ஒரு தகரப்பெட்டி, ஒரு பை. மாமா வீட்டில் இல்லை. காட்டுக்குப் போயிருந்தார், அல்லது போகச் சொல்லியிருந்தார்கள். ஜெயங்கொண்டம் வரைக்கும் அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் என் வழக்கப்படி கண்டக்டரைப் பற்றி நக்கலாக ஏதோ சொன்னேன். அவள் காதில் விழவில்லை. உடையார்பாளையத்தில் பஸ் நின்றபோது வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கக் கை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பழுப்புத் தழும்பு.

"கையில என்னக்கா?"

"கொட்ட சுடறப்ப எண்ணெ தெறிச்சிடுச்சு."

முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலில் பட்டால் அமிலம் மாதிரி அரிக்கும். அந்தப் பக்கத்தில் பாதிப்பேர் கையில் அந்தத் தழும்பு இருக்கும். நான் அதோடு விட்டிருப்பேன். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே சொன்னாள்.

"கத்திட்டேன்டா. களத்துல இருந்தவரு ஓடியாந்தாரு. கையப் புடிச்சி தேங்கா எண்ணெ தடவி ஊதுனாரு. ரொம்ப நேரம் ஊதிக்கிட்டே இருந்தாரு."



"நாலு வருஷத்துல அது ஒன்னுதான்." கடலையை ஒவ்வொன்றாகத் தோல் நீக்கினாள், தின்னவில்லை. "யாருகிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட. சிரிப்பாங்க, இல்லன்னா அழுவாங்க."

"சொல்ல மாட்டேன்க்கா" என்றேன். அரியலூர் வரும்வரை கடலைப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தாள்.

வந்த பிறகு அக்கா வீட்டைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை. தெருவில் அவளிடம் கேட்பதற்கு எல்லோரிடமும் இரண்டே கேள்விகள் இருந்தன. எப்ப வந்த? எப்ப போற? அதனால்தான் ஒயர் கூடை, அதனால்தான் நான். சனிக்கிழமை புத்தகம் வரும். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் முந்தின வாரப் புத்தகங்கள் மேல் விசாரணை நடக்கும். அக்கா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்துகொள்வாள். நாயகி மயங்கி விழுவதை நடித்துக் காட்டுவாள். விழுவதற்கு முன்னால் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பாத்திரம் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து, மெல்லச் சரிவாள்.

"இவங்க எல்லாம் எப்ப பாரு காப்பி மட்டும் குடிக்கிறாங்கடா. அதையும் பாதில வச்சிட்டு ஜன்னலப் பாக்குறாங்க. மீதி காப்பிய யாரு குடிக்கிறா?"

"வேலைக்காரி குடிச்சிருப்பாக்கா."

"அவளப் பத்தி ஒரு கத எழுதுனா நான் படிப்பேன்."

இருவரும் சிரிப்போம். அடுப்படியிலிருந்து அம்மா, "என்னா சிரிப்பு அங்க, ஊருல இருக்கறவ வாயில விழுறதுக்கு" என்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை வேறு வேலை எதற்கும் அக்காவைக் கூப்பிட மாட்டாள். வாரத்தில் அக்கா சிரிக்கிற நேரம் அதுதான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவள் வாய்விட்டுப் பேசுகிற ஒரே ஆள் நானென்பதும் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

மூன்று வருடம் அடுத்தவர்களின் கதைகள் கிழிபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கிழிக்க முடியாத ஒன்றை எழுதிக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. யார் எழுதியது என்று சொல்லாமல் கூடையில் வைத்து, பச்சை மையில் பாராட்டு வாங்கி, அதன் பிறகு, "எழுதுனது யாரு தெரியுமா?" என்று காலரைத் தூக்கிக்கொள்ள வேண்டும். திட்டம் அவ்வளவுதான். இதைவிட நல்ல திட்டத்தோடு ஆற்றில் விழுந்தவர்கள் உண்டு.

மாதம் ஒரு நாவல் போடுகிற சென்னைப் பதிப்பாளர் ஒருவருக்கு எழுதி அனுப்பினேன். புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு பெண், முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஓர் இளைஞன். அக்காவின் குணம் தெரிந்தவன் என்பதால் நாயகியை மூன்று இடங்களில் வயிறாரச் சாப்பிட வைத்திருந்தேன். ஓர் இடத்தில் இட்லி, ஓர் இடத்தில் பொரி உருண்டை, ஓர் இடத்தில் பழைய சோறும் சின்ன வெங்காயமும். பதிப்பாளரிடமிருந்து கார்டு வந்தது. 'கதை நன்று. சாப்பாடு அதிகம், சூடு குறைவு. காதல் காட்சிகளை விரித்து எழுதவும். பெண் பெயரில் வெளியிடலாம்.'

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கல்யாணமாகவில்லை. காதல் விஷயத்தில் என் மொத்த அனுபவம், துறைமங்கலம் போகிற டவுன் பஸ்ஸில் ஒரு பெண் என்னிடம் சில்லறையைக் கொடுத்துக் கண்டக்டரிடம் தரச் சொன்னபோது விரல் பட்டது. அதை விரித்தால் அரைப் பக்கம் வரும். ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் சாப்பாட்டு நேரத்தில், காலாவதியான விண்ணப்பப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். முன்பக்கம் ஒருவர் பட்டா கேட்டிருப்பார், பின்பக்கம் என் நாயகன் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பான். ஆனால் அவனை அவள் பக்கத்தில் கொண்டுபோக எனக்குத் தெரியவில்லை. முறைப்படி நடந்துகொள்கிற ஒரு பெண்ணின் கையை ஒருவன் எப்படித் திடீரென்று பிடிப்பான்? நான்கு நாள் அவன் களத்தில் நின்றான். அவள் கதவோரம் நின்றாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள் அக்காவின் உள்ளங்கை ஞாபகம் வந்தது.

அது தானாக வந்தது என்று சொன்னால் பொய். முதல் நாளிலிருந்தே அது அங்கேதான் இருந்தது. நான்தான் அதைப் பார்க்காதவன் போல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாதே என்றுதானே சொன்னாள், எழுதாதே என்று சொல்லவில்லையே என்று ஒரு வக்கீல் எனக்குள் எழுந்து வாதாடினார். எனக்குள் இருக்கிற வக்கீல் இதுவரை ஒரு வழக்கிலும் தோற்றதில்லை. நீதிபதியும் அவரே.

அதன் பிறகு எழுத்து ஓடியது. எண்ணெய் தெறித்தது, அவள் அலறினாள், அவன் ஓடி வந்தான், ஊதினான். அதுவரை ஒரு பக்கம். பதிப்பாளருக்கு விரித்து வேண்டுமே. உள்ளங்கையில் ஊதியவன் மணிக்கட்டுக்குப் போனான், முழங்கைக்குப் போனான், ஊதிக்கொண்டே தோள்வரை போய்விட்டான். தோளில் எண்ணெய் எப்போது தெறித்தது என்று நானும் கேட்கவில்லை, அச்சகத்திலும் கேட்கவில்லை. அதற்கு மேல் அவன் போன இடங்களை இங்கே சொல்ல வேண்டாம். மொத்தம் ஆறு பக்கம். ஒரு கையால் இடையை வளைத்தான், ஒரு கையால் கூந்தலை அவிழ்த்தான், அதே சமயம் கதவையும் தாழிட்டான்.

தொண்ணூற்றொன்பதில் புத்தகம் வந்தது. அட்டையில் ஒரு பெண் மழையில் நனைந்துகொண்டிருந்தாள். கதையில் ஒரு சொட்டு மழை கிடையாது. எனக்குக் கிடைத்த பிரதிகளில் ஒன்றைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "திருச்சியில வாங்கினேன்ணே, படிச்சாச்சு. கடைக்கு வச்சிக்கங்க." அண்ணன் அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முத்திரை குத்தினார், பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டினார். பசை காய்வதற்குள் முதல் வாசகனாக நானே அதை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு தடித்த குடும்ப நாவல்களுக்கு நடுவே கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அக்கா புத்தகங்களைக் கூடையில் இருக்கிற வரிசைப்படிதான் படிப்பாள். என் முறை புதன்கிழமை வரும் என்று கணக்குப் போட்டேன். அன்று தலைவலி என்று ஆபீசில் சொல்லிவிட்டு மத்தியானமே வந்துவிட்டேன். ஜன்னல் மேடையில் புத்தகம் குப்புறக் கிடந்தது. அக்கா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு தடவை துவைத்துக் காயப்போட்ட அதே துணிகள்.

"என்னடா சீக்கிரம்?"

"தலவலிக்கா."

"தைலம் அலமாரில இருக்கு."

வழக்கமாக அவளே எடுத்துவந்து தேய்த்துவிடுவாள். அன்று கையைத் துடைத்துக்கொண்டுகூட எழுந்திருக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானோ, கதையின் பாதிப்பிலிருந்து இன்னும் மீளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

சனிக்கிழமை கூடை வாசலில் தயாராக இருந்தது, மேலே நாளிதழ் போட்டு மூடி. கடைக்குப் போகிறவரை பொறுக்க முடியாமல் மாவு மில் வாசலில் நின்று என் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

'ஊதியதோடு நிறுத்தியிருக்கலாம்.'

அவ்வளவுதான். எழுத்து எப்போதும் போல நேராக, சீராக இருந்தது. மில்லில் யாருக்கோ மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

கடையில் அண்ணன் புத்தகத்தை வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"தம்பி, கரெக்டா எழுதியிருக்கீங்க. நானும் அன்னிக்கித் தாள் ஒட்டறப்பவே பொரட்டிப் பாத்தேன். அந்த ஊதுற எடம் இருக்கு பாருங்க, எனக்கே என்னமோ பண்ணிச்சு. ஏதோ நெசமா நடந்த மாதிரி. அதுக்கப்புறம் ஒரே கசகச. எழுதுன அம்மாவுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியல."

"தெரியல" என்றேன்.

"அவனுக்கு எத்தன கை, எண்ணிப் பாத்தீங்களா?"

"மூனுண்ணே."

"நானும் மூனுன்னுதான் எண்ணுனேன்." அண்ணன் திருப்தியாகத் தலையாட்டினார். "ஒங்களுக்கெல்லாம் எழுத வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

என் புத்தகத்தை நானே கிழித்ததற்காகப் பாராட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். அடக்கமாகச் சிரிக்க அன்று வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா சுவரில் சாய்ந்து உட்காரவில்லை. முறத்தில் கீரையை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். நான்தான் என்று சொல்லவா வேண்டாமா என்று எனக்குள் இருந்த வக்கீல் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"பொரி உருண்ட எனக்காகவா?"

"ஆமாக்கா."

"பழைய சோறு நல்லா இருந்துச்சு. அவ தனியா ஒக்காந்து வெங்காயத்தக் கடிக்கிற எடம்." ஒரு கீரைத் தண்டை எடுத்துப் பூச்சி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். "அது மட்டும் இருந்திருந்தா நல்லாயிருக்குன்னு எழுதியிருப்பேன்."

"அது வெறும் கதைக்கா. யாருக்கும் தெரியாது. பேரு ஊரு எதுவும் நான் போடல."

"தெரியாதுதான். தெரிஞ்சா என்னா இப்ப? தெருவுல எனக்கு என்னா மரியாத கொறஞ்சிடப்போவுது." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். "ஊதுனாரு, அப்புறம் என்னா நடந்துச்சுன்னு நீ ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல?"

நான் கேட்கவில்லை. பஸ்ஸிலும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு எந்திரிச்சிப் போயிட்டாரு. எங்கிட்ட சொல்லிட்டுப் போகல. மாட்டப் பாத்து, 'இரு வரேன்'னு சொல்லிட்டுப் போனாரு. அவரு பேசி அன்னிக்கித்தான் பக்கத்துல கேட்டேன். கொரலு நல்லாத்தான் இருந்துச்சு."

முறத்தில் கீரை ஒரு பக்கமும் தண்டு ஒரு பக்கமும் சேர்ந்துகொண்டிருந்தன.

"எனக்குன்னு இருந்தது அது ஒன்னுடா. தனியா இருக்கறப்ப எடுத்துப் பாத்துப்பேன். ஊதுனது, அந்தக் காத்து பட்டது, அப்புறம் அவரு முதுகு. இப்ப புதன்கெழமைலேருந்து நெனச்சிப் பாக்குறேன், ஒன்னோட தடியன்தான் வந்து நிக்கிறான். மூனு கையோட."

சிரிப்பு வரவேண்டிய இடம். இருவருக்கும் அது தெரியும். அக்காவின் உதடு ஒரு கணம் கோணியதுகூட. ஆனால் வரவில்லை.

"மன்னிச்சிடுக்கா."

"அதெல்லாம் பெரிய வார்த்த. போயி தண்ணி கொண்டா, கீரைய அலசணும்."

அடுத்த சனிக்கிழமை கூடையில் புத்தகம் எதுவும் இல்லை. "இனிமே வேணான்டா, கண்ணு வலிக்குது" என்றாள். பச்சைப் பேனாவை என் சட்டைப்பையில் செருகிவிட்டாள். "ஆபீசரு தேடிக்கிட்டு இருப்பாரு."

கடைக்கார அண்ணனிடம் எனக்கு வேலை அதிகமாகிவிட்டது, படிக்க நேரமில்லை என்று சொன்னேன். ஊரில் ஹெட்மாஸ்டர் இறந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். சிலர் அவருக்காக வருத்தப்பட்டார்கள். ஒயர் கூடையில் அம்மா வெங்காயம் போட்டு மாட்டினாள்.

அக்கா என்னிடம் பேசாமல் இருந்துவிடவில்லை. அப்படியிருந்தால் சண்டை போட்டுச் சரிசெய்திருக்கலாம். கரண்ட் பில், அம்மாவின் மாத்திரை, எதிர்வீட்டுப் பசு கன்று போட்டது, எல்லாம் பேசினாள். நடந்ததைச் சொல்வாள். தனக்கு என்ன தோன்றியது என்பதை மட்டும் சொல்வதில்லை. ஒரு நாள் சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் கொட்டிவிட்டது. நான் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு ஓடினேன். பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பி நின்று அவளே தடவிக்கொண்டாள். நான் எட்டிப் பார்த்தேன். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒன்னும் இல்ல, போ. இதையும் எழுதிடாத."

விளையாட்டாகத்தான் சொன்னாள். விளையாட்டுக்குத்தான் நானும் சிரித்தேன்.

அதற்குள் அரியலூர் தனி மாவட்டமாகி, மறு வருடமே திரும்ப எங்களோடு சேர்ந்து, இரண்டாயிரத்து ஏழில் மறுபடியும் பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் ஃபைல்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவனும், திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தவனும் நான். பிரிந்தது இப்படிச் சேர்ந்து, சேர்ந்தது மறுபடி பிரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு வீட்டில் பிரிந்த ஒன்றைச் சேர்க்கிற வழி மட்டும் தெரியவில்லை. அதற்கெல்லாம் அரசாணை வருவதில்லை.

அந்த வருடம் புக்குக் கடையை மூடினார்கள். மத்தியானமும் சாயந்தரமும் டிவியில் அழுவதற்கு வசதி வந்த பிறகு, மிளகாய்த்தூள் படிந்த புத்தகத்துக்கு ஆள் வரவில்லை. அண்ணன் வழியில் பார்த்துக் கூப்பிட்டார். "வேணுங்கறத எடுத்துக்கங்க தம்பி, மீதிய எடைக்குப் போடப்போறேன்." நான் ஒரே ஒரு புத்தகத்தைத் தேடினேன். கிடைத்தது. மழையில் நனைகிற பெண்ணின் முகத்தை எலி தின்றிருந்தது.

பின்பக்கத் தாள் நிறைந்திருந்தது. முதல் வரி பச்சை. அதன் கீழே நீலமும் கறுப்புமாக எட்டு வருடத்து வாசகர்கள். 'பச்சை மை சொன்னது நூறு சதம் உண்மை.' 'அட்டையை நம்பி ஏமாந்தேன்.' 'இட்லிக்குச் சட்னி இல்லையா?' கடைசியில் ஒருவர் கோபமாக, 'முக்கியமான பக்கங்களைக் காணோம்' என்று எழுதியிருந்தார்.

புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஆறு பக்கத்தையும் பிளேடால் சுத்தமாக அறுத்து எடுத்துப்போயிருந்தான். வாடகைப் புத்தகங்களில் அந்த மாதிரிப் பக்கங்கள் நிலைப்பதில்லை. இப்போது நாற்பதாம் பக்கத்தின் கடைசி வரியில் அவன் அவள் உள்ளங்கையில் ஊதுகிறான். அடுத்து இருப்பது நாற்பத்தேழாம் பக்கம். அதன் முதல் வரியில் அவள் தனியாக உட்கார்ந்து இட்லி தின்கிறாள்.

நான் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னால் எழுத முடியாமல் போனதை எவனோ ஒருவன் பிளேடு வைத்து எழுதியிருந்தான்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். எட்டு வருடத்துக்குப் பிறகு அக்கா கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். "இத மட்டும் பாருக்கா. இந்த ரெண்டு பக்கம்." அவள் அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவளுக்குக் கண்ணாடி வந்திருந்ததை நான் அன்றுதான் சரியாகக் கவனித்தேன். நாற்பதைப் படித்தாள். நாற்பத்தேழைப் படித்தாள். அறுபட்ட காகித விளிம்பை விரலால் ஒரு தடவை தடவினாள்.

"கிழிச்சவன் வெவரமானவன்" என்றாள்.

"ஊதுனதோட நின்னுடுச்சுல்லக்கா?"

"நின்னுடுச்சு." புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டினாள். "ஆனா இதுலயும் அவன் எந்திரிச்சிப் போவலயேடா."

"நான் வேணா எழுதித் தரட்டா? அரப் பக்கம். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போற மாதிரி."

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வேணாம். நீ எழுதுனா அவன் திரும்பி வந்துடுவான்."